சென்னைக்கு ஈடாகப் போன கோட்டை

1748-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐரோப்பாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் என் ஊரும் இன்னொரு ஊரும் கைமாறின. என் ஊர் அப்போது மதராஸ், பிரெஞ்சுக்காரர் பிடியில் இருந்தது. இன்னொன்று கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், அட்லாண்டிக் கடலோரத்தில் இருந்த லூயிஸ்பர்க் என்ற பிரெஞ்சுக் கோட்டை நகரம். அது ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. என்னுடையதை எனக்குக் கொடு, உன்னுடையதை நீ எடுத்துக்கொள் என்று மாற்றிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் கர்நாடகப் போர்கள் பாடத்தில் இது ஒரே ஒரு வரி. அய்-லா-சப்பேல் உடன்படிக்கையின்படி சென்னை ஆங்கிலேயரிடம் திருப்பித் தரப்பட்டது. இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்தேன். எதற்கு ஈடாக என்று யோசித்ததே இல்லை. வேலைக்காகக் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலுள்ள ஹாலிஃபாக்ஸ் வந்து நான்கு வருடம் ஆனபிறகு, நூலகத்தில் இந்த மாகாணத்தின் வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'மதராஸ்' என்ற பெயர் கண்ணில் பட்டது. நோவா ஸ்கோஷியாவைப் பற்றிய புத்தகத்தில் மதராஸுக்கு என்ன வேலை? அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். சென்னைக்கு ஈடாகப் போன ஊர் நான் இருக்கும் இடத்திலிருந்து காரில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிறது.

உடனே போகவில்லை. அப்பா வரட்டும் என்று காத்திருந்தேன்.

அப்பா சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரிடம் 36 வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். பத்திரம் படிப்பதில் அவருக்கு இருக்கும் பொறுமை வேறு எதிலும் கிடையாது. போன கோடையில் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இது பரிவர்த்தனைப் பத்திரம்மா" என்றார். "ஏ ஷெட்யூல்ல ஒரு சொத்து, பி ஷெட்யூல்ல ஒரு சொத்து. நான்கெல்லை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது."

அந்தச் சொல் அன்றைக்கு முழுவதும் எங்களுடன் வந்தது.

விடிகாலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். கான்சோ நீரிணையைக் கற்களால் நிரப்பி 1955-இல் போட்ட தரைப்பாலத்தைத் தாண்டினால் தீவு. அதுவரை நல்ல வெயில். சிட்னி என்ற ஊரைத் தாண்டிக் கடலோரமாகத் திரும்பியதும் மூடுபனி இறங்கிவிட்டது. ஜூலை மாதத்தில் அப்பா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதன் மேல் என் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டார். கோட்டைவரை காரில் விடமாட்டார்கள். பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு அவர்களுடைய பேருந்தில் போக வேண்டும். பனிக்குள் முதலில் தெரிந்தது ஒரு கூர்கோபுரத்தின் நுனி. அப்புறம் நீண்ட கூரை, அதன் கீழே கருங்கல் மதில், கடைசியாகக் கடல்.

தோஃபின் வாசல் என்ற நுழைவாயிலில் 1744-ஆம் ஆண்டுச் சிப்பாய் உடையில் ஓர் இளைஞன் துப்பாக்கியோடு நின்றான். கோடையில் அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த ஆண்டில் வாழ்வதாகத்தான் நடந்துகொள்வார்கள். உள்ளே வருகிறவர்கள் ஆங்கிலேய ஒற்றர்களா என்று விசாரிப்பார்கள். எங்களையும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டு "மெட்ராஸ்" என்றார். அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு தொப்பியைக் கழற்றிக் குனிந்து, அப்படியானால் நீங்கள் மூன்று வருடம் எங்கள் அரசரின் குடிகள், தாராளமாக உள்ளே வாருங்கள் என்றான். அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. வேடத்துக்காக மட்டும் அவன் படித்திருக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு நெகிழ்ச்சி. அப்பா பதில் பேசவில்லை. கொஞ்சம் தள்ளி வந்தபிறகு, "குடிகள்னு சொன்னானில்ல?" என்று மட்டும் கேட்டார்.

இந்த ஊர் ஏன் உருவானது என்பதை ஒரே சொல்லில் சொல்லலாம்: கருவாடு. 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கையில் நியூஃபவுண்ட்லாந்தையும் அகாடியாவையும் (இன்றைய நோவா ஸ்கோஷியாவின் பெருநிலம்) இழந்த பிரெஞ்சுக்காரர்களுக்கு மீன்பிடிக்க ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. கேப் பிரெட்டன் தீவு அவர்களிடமே நின்றது. அதற்கு இல் ருவாயால், அரசரின் தீவு, என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஏற்கெனவே காலங்காலமாக வாழ்ந்துவந்த மிக்மாக் மக்கள் அதை உனமாகி என்பார்கள். கடலில் காட் மீன் கொட்டிக்கிடந்தது. கத்தோலிக்க ஐரோப்பாவில் விரத நாட்களில் இறைச்சி கூடாது, மீன் தின்னலாம். ஆகவே உப்பிட்டு உலர்த்திய காட் மீனுக்கு ஓயாத கிராக்கி. 1731-இல் மட்டும் ஏறத்தாழ 1,67,000 குவிண்டால் உலர்மீன் இங்கிருந்து போயிருக்கிறது. அந்தக் காலப் பிரெஞ்சுக் குவிண்டால் இன்றைய அரைக் குவிண்டால் என்று வைத்தாலும் எண்ணாயிரம் டன்னுக்கு மேல். கனடாவின் உரோமத் தோல் வியாபாரத்தைவிட இந்தக் கருவாடு பிரான்சுக்கு அதிகப் பணம் தந்தது. கடற்கரை முழுக்கக் கூழாங்கல் மேலும் மரச்சட்டங்களில் பரப்பிய தழைகளின் மேலும் மீன் காய்ந்திருக்கும். காசிமேட்டில் வளர்ந்த எவருக்கும் அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பணத்தைக் காக்கத்தான் கோட்டை. 1720-ஐ ஒட்டித் தொடங்கிய கட்டுமானம் இருபத்தைந்து வருடம் நீண்டது. ஆனால் ஊருக்குப் பனியும் ஈரமும் எதிரி. சுண்ணாம்புச் சாந்து சரியாக இறுகவே இல்லை. கடல் மணலைக் கலந்தார்கள், அதில் உப்பு. குளிர்காலத்தில் மதிலுக்குள் நீர் உறையும், வசந்தத்தில் உருகும், கல் பெயரும். கடைசியில் கல் மதிலைக் காப்பாற்ற அதன் மேல் மரப்பலகை அடித்தார்கள்.

முதல் முற்றுகை 1745-இல் வந்தது. மசாசூசெட்ஸிலிருந்தும் அதன் பக்கத்துக் குடியேற்றங்களிலிருந்தும் ஏறத்தாழ 4,000 பேர் வந்தார்கள். விவசாயிகள், மீனவர்கள், கடைக்காரர்கள். வில்லியம் பெப்பரெல் என்ற வணிகர் தளபதி. பீரங்கிகளைச் சதுப்பு நிலத்தில் இழுக்க முடியாமல் சறுக்குப் பலகைகளில் ஏற்றி, தோளில் கயிறு போட்டு மனிதர்களே இழுத்தார்கள். ஆறு வாரத்துக்கும் மேல் நடந்த முற்றுகையில் கோட்டை விழுந்தது. அடுத்த குளிர்காலத்தில் நோயிலும் குளிரிலும் அவர்களில் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே செத்தார்கள். சண்டையில் இறந்தவர்களைவிட இது பல மடங்கு. சரி, இவ்வளவும் பட்டுப் பிடித்த கோட்டையை மூன்றே வருடத்தில் இங்கிலாந்து தூக்கிக் கொடுத்துவிட்டது, மதராஸ் என்ற பெயரையே கேள்விப்பட்டிராத அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். நியூ இங்கிலாந்தில் அந்தக் கோபம் நெடுநாள் ஆறவில்லை.

நம் பக்கத்துக் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே கப்பல்களோடு வந்து புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். பிணைத்தொகை வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதாக அவர் ஆங்கிலேயருக்கு வாக்குக் கொடுக்க, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே அதை ஏற்கவில்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இந்தச் சண்டையையெல்லாம் நாள் தவறாமல் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். அவரே பெரம்பூரில் பிறந்தவர். சில வாரங்களில் அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சில நூறு பிரெஞ்சுச் சிப்பாய்கள் சிதறடித்தார்கள். அந்தச் சண்டைக்கு அடையாற்றில் பெரிய நினைவுச்சின்னம் எதுவும் கிடையாது. பாலத்தின் மேல் பேருந்து போகும்.

கோட்டைக்கு உள்ளே நாங்கள் பார்த்த ஊர் பழையது கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1758-இல் ஆங்கிலேயர் இரண்டாம் முறை பிடித்தார்கள். 1760-இல் மதில்களைத் தரைமட்டமாக்கினார்கள். அதன் பிறகு இருநூறு வருடம் இது ஆடு மேய்கிற மேடு. 1950-களின் கடைசியில் கேப் பிரெட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. வேலை போன சுரங்கத் தொழிலாளிகளுக்கு என்ன செய்வது என்று ஆராய்ந்த அரசு ஆணையம் சொன்ன யோசனைகளில் ஒன்று, இந்தக் கோட்டையைத் திரும்பக் கட்டுவது. 1961-இல் தொடங்கினார்கள். நிலக்கரி வெட்டிய கைகள் கல் செதுக்கக் கற்றன, பதினெட்டாம் நூற்றாண்டு முறையில் தச்சு வேலை கற்றன, கொல்லுப்பட்டறையில் கீல் அடிக்கக் கற்றன. பழைய ஊரில் ஏறத்தாழ கால்பங்கு, ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள், எழுந்தன.

இவ்வளவு துல்லியமாகக் கட்ட முடிந்ததற்குக் காரணம் காகிதம். பிரெஞ்சு ஆட்சி எதையும் எழுதி வைக்கும் ஆட்சி. பிரான்சின் ஆவணக் காப்பகங்களிலிருந்து லூயிஸ்பர்க் தொடர்பாக மட்டும் ஏழரை லட்சம் பக்கங்களை நகலெடுத்திருக்கிறார்கள். யார் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் திறந்தது, செத்தவன் வீட்டில் எத்தனை கரண்டி இருந்தது என்பதுவரை அதில் உண்டு. அப்பாவுக்கு அங்கேதான் முகம் மலர்ந்தது. "பாகப்பிரிவினைக்கு லிஸ்ட் எடுக்கிற மாதிரி எடுத்திருக்கான்" என்றார்.

ரொட்டிக் கொட்டிலில் அன்றைக்குச் சுட்ட சிப்பாய் ரொட்டி விற்றார்கள். கனமான, கறுத்த, கை வலிக்கிற ரொட்டி. ஒரு சிப்பாய்க்கு அதுதான் அன்றாட உணவின் பெரும்பகுதி. 1744 டிசம்பரில் இந்தச் சிப்பாய்கள் கலகமே செய்தார்கள். அழுகிய காய், போதாத விறகு, வராத கூலி. நாங்கள் புளிசாதத்தைக் கடற்சுவர் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அந்த ரொட்டியையும் பிய்த்துத் தின்றோம். அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. பாதியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அரசர் கொத்தளத்தின் மதிலுக்குக் கீழே குண்டு துளைக்காத வளைவறைகள் இருக்கின்றன. மற்ற எல்லாமே மீட்டுக் கட்டியவை என்றாலும் இவற்றின் கல் வளைவுகள் இடிபாடுகளில் மிஞ்சி நின்றவை. மறுகட்டுமானத்துக்கு முந்தைய புகைப்படங்களில் புல்மேட்டுக்கு நடுவே இந்த வளைவுகள் மட்டும் வாய் திறந்து நிற்கும். 1758 முற்றுகையில் ஊரின் பெண்களும் குழந்தைகளும் இதற்குள் அடைந்துகிடந்தார்கள். அந்த ஜூலையில் மேலே படைவீடு பற்றி எரிந்தது. உள்ளே போனேன். தாழ்ந்த கூரை, ஈரம், ஒரே வாசல். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

முற்றுகையின்போது ஆளுநர் துரூகூரின் மனைவி தினமும் கொத்தளத்துக்கு வந்து மூன்று பீரங்கிகளுக்குத் தன் கையால் நெருப்பு வைப்பாராம். ஆங்கிலேயத் தளபதி ஆம்ஹர்ஸ்ட் அவருக்கு அன்னாசிப் பழங்கள் அனுப்பினார். வழிகாட்டிகள் இதை ஆர்வமாகச் சொல்கிறார்கள், கேட்பவர்களும் ரசிக்கிறார்கள். எனக்கு அந்தக் கதை ஒட்டவில்லை. அன்னாசி வந்து சேர்ந்த அதே நாட்களில் இந்த வளைவறைக்குள் குழந்தைகள் இருந்தார்கள்.

பெரும்பாலானோர் மீட்டுக் கட்டிய தெருக்களைப் பார்த்துவிட்டுப் பேருந்தைப் பிடித்துவிடுகிறார்கள். அழகான வீடுகள், வாத்துகள், மூலிகைத் தோட்டம், துப்பாக்கி வெடிக்கும் நிகழ்ச்சி. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி வீட்டைத் தாண்டி ஒரு புல்வழி போகிறது. இடிபாடுகளின் பாதை என்று பெயர். அங்கேதான் ஊரின் முக்கால்பங்கு கிடக்கிறது. எனக்கு லூயிஸ்பர்க் என்றால் அதுதான்.

முதலில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அலை அலையாகப் புல். நூறு அடி நடந்தபிறகு கண் பழகுகிறது. அந்த அலைகளுக்கு ஒழுங்கு இருக்கிறது. நேர்கோடாகப் போகும் பள்ளம் ஒரு தெரு. அதன் இருபுறமும் சதுரம் சதுரமாக அமுங்கிய குழிகள் வீடுகளின் நிலவறைகள். நடுவில் கல் குவியல் கிடந்தால் அது புகைபோக்கி சரிந்த இடம். அரசரின் மருத்துவமனை இருந்த இடத்தில் அடித்தளக் கற்கள் வரிசையாகத் தெரிகின்றன. கற்களுக்கு நடுவே காட்டு ஸ்ட்ராபெர்ரி சிறியதாகச் சிவந்திருந்தது. அப்பா குனிந்து ஒவ்வொரு குழியின் ஓரமாகவும் நடந்து அளந்தார். பழைய மனை வழக்குகளில் கமிஷனரோடு அளக்கப் போன பழக்கம்.

"இது கிழக்கு பார்த்த வாசல்" என்றார் ஒரு குழியைக் காட்டி. எப்படித் தெரியும் என்றேன். "படிக்கல் அந்தப் பக்கம்தானே கிடக்கு." கிடந்தது.

இந்த ஊரில் வாழ்ந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரி மார்கரித் ரோஸ். ஆப்பிரிக்காவின் கினிப் பகுதியில் பிறந்து, ஏறத்தாழ 19 வயதில், 1736-இல் இங்கே அடிமையாக விற்கப்பட்டவர். ஓர் அதிகாரியின் வீட்டில் சமைத்து, துவைத்து, அவர்களுடைய குழந்தைகளை வளர்த்தார். அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அவனும் அடிமை. சிறுவனாகவே செத்தான். 1755-இல் விடுதலை கிடைத்தது. மிக்மாக் இனத்தைச் சேர்ந்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு, தன்னை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சிறு மதுக்கடை நடத்தினார். இரண்டே வருடம். 1757-இல் இறந்துபோனார். இறந்தபின் அவருடைய உடைமைகளையும் எழுத்தர்கள் வழக்கம்போலப் பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியல் இருப்பதால்தான் இன்று அவரை நமக்குத் தெரிகிறது. 2008-இல் கனடா அவரைத் தேசிய வரலாற்று மனிதராக அறிவித்தது. நான் அதை விளக்கிச் சொன்னபோது அப்பா கேட்டார், "அந்த ஒப்பந்தத்துல இந்தம்மா பேரு இருக்குமா?" இல்லை என்றேன். "ஷெட்யூல்ல குடியிருக்கிறவன் பேரு எப்பவுமே வராது. நிலம், கட்டடம், கிணறு, மரம் எல்லாம் எழுதுவோம்."

அதற்கப்புறம் அவராகவே உயர் நீதிமன்றத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தச் சிவப்புக் கட்டடம் 1892-இல் திறந்தது. அதற்கு முன்னால் அந்த இடம் வெறும் வெளி. அதற்கும் முன்னால் அது ஒரு ஊர். கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி நெசவாளிகளும் சாயக்காரர்களும் வியாபாரிகளும் வாழ்ந்த ஊர். ஆங்கிலேயர் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். 1746-இல் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், கோட்டை மதிலிலிருந்து பீரங்கி சுட வெளி வேண்டும் என்று மதிலுக்கு அருகிலிருந்த வீடுகளை இடித்தார்கள். பரிவர்த்தனை முடிந்து திரும்பி வந்த ஆங்கிலேயர்களுக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. மிச்சத்தை அவர்கள் இடித்தார்கள். அங்கே இருந்த சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. 1760-களில் அதற்கு மாற்றாகப் பூக்கடையில் பெருமாளுக்கும் மல்லீசுவரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் கோயில் எழும்பியது. பட்டணம் கோயில் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அப்பா அங்கே போய் துளசி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்.

இத்தனையும் அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. "கோர்ட்ல எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா அதுக்கு மேலயே நடந்து போய் டீ குடிப்போம்" என்றார்.

இரண்டு ஊர்களையும் கோக்கும் இன்னொரு நூல் இருக்கிறது. எட்வர்ட் பொஸ்கவன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி. 1748-இல் பெரும்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். மழை தொடங்கியதும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை இழந்து பின்வாங்கினார். ஒப்பந்தம் வந்தது. 1749-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து மதராஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டவர் அவரே. அதே கோடையில் இங்கே பிரெஞ்சுக்காரர்கள் லூயிஸ்பர்க்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒன்பது வருடம் கழித்து, 1758-இல், இந்தத் துறைமுகத்தின் வாயில் கப்பல்களை நிறுத்தியவரும் பொஸ்கவன்தான். கரையில் ஆம்ஹர்ஸ்ட், வுல்ஃப், பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள். ஜூன் 8-ஆம் தேதி இறங்கினார்கள். ஜூலை 26-ஆம் தேதி கோட்டை சரணடைந்தது. அதே ஜூன் மாதத்தின் தொடக்கத்தில்தான் நம் ஊரில் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். இங்கே ஒருவன் கோட்டையை இழக்க, அங்கே அவனே இன்னொருவனின் கோட்டையை உடைக்கிறான்.

இனியும் ஒரு பரிவர்த்தனையில் லூயிஸ்பர்க் கைமாறிவிடக் கூடாது என்று ஆங்கிலேயர் முடிவு செய்தார்கள். பிரதமர் பதவியில் இல்லாவிட்டாலும் போரை நடத்திய வில்லியம் பிட்டின் ஆணைப்படி, 1760 கோடையில் மதில்களுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து நிரப்பி, ஒவ்வொரு கொத்தளமாகத் தகர்த்தார்கள். இலையுதிர்காலம்வரை அந்த வேலை நடந்தது. ஊர் மக்களை அதற்கு முன்பே கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பியாயிற்று. அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அங்கேயும் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை அதைப் பார்க்கவில்லை. நகரம் சரணடைய நான்கு நாள் இருக்கும்போது இறந்துவிட்டார்.

புல்வழி ரோஷ்ஃபோர் முனையில் முடிகிறது. ஒடுங்கிய நிலம், மூன்று பக்கமும் கடல். பனி சற்று விலகியிருந்தது. எதிர்க்கரையில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. இப்போதிருப்பது இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம். அதே இடத்தில் 1734-இல் பிரெஞ்சுக்காரர் ஏற்றியது கனடாவின் முதல் கலங்கரை விளக்கம். அப்பா, "நம்ம கோர்ட்லயும் இருக்கே" என்றார். உயர் நீதிமன்ற வளாகத்தில் 1844-இல் விளக்கேற்றிய கல்தூண் இன்னும் நிற்கிறது. சின்ன வயதில் என்னை அதன் அடியில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்திருக்கிறார்.

இந்த முனை முழுக்கப் புதைகுழிகள். ஊர்க்காரர்கள், சிப்பாய்கள், 1745-46 குளிர்காலத்தில் செத்த நியூ இங்கிலாந்துப் பையன்கள். ஆயிரம் பேருக்குக் குறையாது என்கிறார்கள். பெயர் எழுதிய கல் எதுவும் இல்லை. கடல் மட்டம் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்திருக்கிறது. புயல் வரும்போதெல்லாம் கரை அரிந்து விழுகிறது. கடலுக்குள் போய்விடுமுன் எலும்புகளை எடுத்து ஆராய்ந்துவிட வேண்டும் என்று 2017-இல் பல்கலைக்கழக மாணவர்கள் இங்கே தோண்டத் தொடங்கினார்கள். நாங்கள் போன அன்று யாரும் இல்லை. அரிந்த கரையின் விளிம்பில் நின்று பார்த்தேன். தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றதைப் பார்த்திருக்கிறேன். அதே கறுத்த ஈர மண், அதே சத்தம்.

அப்பா பைக்குள்ளிருந்து மீதி ரொட்டியை எடுத்தார். பசிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஒரு துண்டைப் பிய்த்துப் புல் மேல் வைத்தார். வீட்டில் அமாவாசைக்குக் காக்கைக்கு வைப்பதுபோல. ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை. ஒரு கடற்புறா வந்து தூக்கிக்கொண்டு போனது. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது, திரும்பி நடந்தோம்.

செப்டம்பரில் அப்பா ஊர் திரும்பினார். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, எனக்கு விடிகாலை, போன் வந்தது. பின்னணியில் பாரிமுனையின் ஹாரன் சத்தம். பழைய சீனியரைப் பார்க்கக் கோர்ட்டுக்குப் போனாராம். வேலை முடிந்ததும் கலங்கரை விளக்கத்திலிருந்து கோட்டைப் பக்கம் பார்த்தபடி வளாகத்தைச் சுற்றி நடந்திருக்கிறார்.

"ஒரு மேடுகூட இல்லம்மா. அங்க பார்த்தோமே, தெரு போற பள்ளம், வீட்டுக் குழி. இங்க சுத்தமா சமமா இருக்கு. மரத்தடியிலகூடப் பார்த்தேன். காவலுக்கு நிக்கிற பையன் வந்து என்ன சார் தொலைஞ்சுபோச்சுன்னு கேட்டான்."

"என்னப்பா சொன்னீங்க?"

"நான் இங்க முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன்டா, சும்மா நடக்கறேன்னு சொன்னேன். அவனும் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தான். அவனுக்கு லூயிஸ்பர்க் பத்திச் சொன்னேன். அப்புறம் பட்டணம் கோயில் நடை சாத்திடுவாங்கன்னு கிளம்பிட்டேன். வை, பஸ் வருது."